“ஒன்றுமில்லை” என்று அப்பா சொன்ன காலை

கழிப்பறையில் தண்ணீர் விடும் ஓசை மூன்றாவது முறையாகக் கேட்டபோது மணி 3.40. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு சிறியது. ஒரு மூலையில் குழாயைத் திறந்தால் மறு மூலையில் தூங்குபவருக்குக் கேட்கும். நான் எழுந்து கூடத்துக்கு வந்தேன். கட்டி முடித்த பெட்டிகள் கதவோரம் நின்றன. அப்பா சோபாவில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன அப்பா, வயிறு சரியில்லையா?”

“ஒன்றுமில்லை அம்மா. நீ போய்ப் படு. ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.”

அன்று காலை எங்களுக்குத் திருச்சி விமானம். அம்மா இறந்துபோன பிறகு, என்னைப் பார்க்க வந்திருந்த அப்பா ஊருக்குத் தனியாக விமானம் ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் விடுப்பு எடுத்து நானே கொண்டுபோய் விட்டுவருவதாக ஏற்பாடு. அவருக்கு வயது 74. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், அதற்குப் பின் வந்த ரத்த அழுத்தம். இரண்டுக்கும் மாத்திரைகள். “ஒன்றுமில்லை” என்ற அந்தச் சொல்லை நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது. நம்ப விரும்பினேன். பயண நாளின் விடிகாலையில் வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் நம்பத்தான் விரும்புகிறார்கள்.

தீவு விரைவுச்சாலையில் டாக்சி போகும்போது அவர் பேசவே இல்லை. வழக்கமாகச் சாலையோர மழைமரங்களைப் பார்த்து ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார். சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் இறங்கியதும் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தள்ளவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையைத் தொட்டேன். குளிர்ந்து ஈரமாக இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். காய்ந்த இலை மாதிரி இருந்தது.

“எத்தனை தடவை போனீர்கள்?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: “ஏழோ எட்டோ. ஒரு தடவை வாந்தி. சொன்னால் நீ டிக்கெட்டை மாற்றுவாய். எத்தனை வெள்ளிப் பணம் வீணாகும்? உன் விடுப்பும் போய்விடும். ஊரில் தம்பி வண்டி சொல்லி வைத்திருக்கிறான். நான்கு மணி நேரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. அதற்கு முந்தைய ஆண்டு அதே கணக்கை நானே போட்டுப் பார்த்திருந்தேன்.

தீபாவளி முடிந்து சென்னையிலிருந்து திரும்புகிற நாள் அது. கடுமையான சளி, இருமல், உள்ளுக்குள் காய்ச்சல். மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும். காய்ச்சலுக்கு இரண்டு பனடால் மாத்திரை போட்டுக்கொண்டேன். விமானத்தில் சிங்கப்பூருக்குள் வரும் ஒவ்வொருவரும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதிலேயே உடல்நல அறிவிப்பும் இருக்கிறது. காய்ச்சல், இருமல் போன்ற அறிகுறிகள் உண்டா என்ற இடத்தில் “இல்லை” என்று தட்டினேன். தட்டிய விரலுக்கு அது பொய் என்று தெரியும்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் வலது காதுக்குள் ஊசி இறங்குவது போல வலித்தது. தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து உள்காற்றையும் வெளிக்காற்றையும் சமப்படுத்துகிறது. சளியில் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று எப்படியோ வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் வெளியழுத்தம் கூடிக்கொண்டே போக, உள்ளே காற்று புக வழியின்றிச் செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. வாயில் எதையாவது மென்று விழுங்கினால் குழாய் திறக்க உதவும் என்பார்கள். சிங்கப்பூர்வாசிகளான நம்மிடம் சூயிங்கம் இருப்பதில்லை. 1992 முதல் இங்கே அதன் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை, மருத்துவப் பயனுள்ள சில வகைகளுக்கு மட்டும் 2004இல் தளர்வு தந்தார்கள். அதனால் நான் இப்போது கைப்பையில் புளிப்பு மிட்டாயும் இஞ்சி மிட்டாயும் வைத்துக்கொள்கிறேன். அன்று அதுவும் இல்லை. பத்து நாள் எனக்கு ஒரு காது மந்தமாக இருந்தது, யாரோ பஞ்சு வைத்து அடைத்தது போல.

காது சரியாகிவிட்டது. சரியாகாத ஒன்று இருக்கிறது. என் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி வந்தார். பிரசவமான பேத்தியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். கொள்ளுப்பேரனுக்கு இருபது நாள். நான்கு மணி நேரமும் நான் அவர் பக்கத்தில் இருமிக்கொண்டே வந்தேன். “தொண்டை வறட்சி பாட்டி” என்று சொன்னேன். அவர் தன் பையிலிருந்து பனங்கற்கண்டு எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று என்னால் வேண்டிக்கொள்ளத்தான் முடியும்.

இந்த ஊரில் வாழ்கிறவளுக்கு அது இன்னும் உறுத்த வேண்டும். 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் இங்கே வந்ததே பயணிகள் வழியாகத்தான். 238 பேரைத் தொற்றி 33 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட மருத்துவப் பணியாளர்களும் உண்டு. அந்த நோயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கார்லோ அர்பானி என்ற மருத்துவரிடம் நின்றுவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வியட்நாமில் பணிபுரிந்த இத்தாலியர். இது புதிய, ஆபத்தான நோய் என்று உலகுக்கு முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர். 2003 மார்ச் 11 அன்று ஹனோயிலிருந்து பேங்காக்குக்குப் பறந்தபோது அவருக்கே காய்ச்சல் தொடங்கியது. விமான நிலையத்தில் தன்னை அழைத்துப்போக வந்திருந்த சக மருத்துவரைக் கண்டதும் அருகே வரவேண்டாம் என்று தடுத்துவிட்டார். இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஆம்புலன்சுக்காகக் காத்திருந்தார்கள். மார்ச் 29 அன்று அர்பானி இறந்துபோனார். அவர் காட்டிய அந்த இடைவெளியை நினைத்தால், நான் வாங்கிய பனங்கற்கண்டு தொண்டையில் நிற்கிறது.

ஆகவே அன்று சாங்கியில் அப்பாவின் கையைப் பிடித்தபடி நான் நேரே பதிவு முகப்புக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். “என் தந்தைக்கு இரவிலிருந்து வயிற்றுப்போக்கு. நிற்க முடியவில்லை. நாங்கள் இன்று போகலாமா என்று தெரியவில்லை.” அவ்வளவுதான். அந்த மூன்று வாக்கியங்களுக்குப் பிறகு எல்லாம் நடந்தது. முகப்பில் இருந்த பெண் முதலில் கேட்டது: “பெட்டி போட்டுவிட்டீர்களா?” இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. பயணி ஏறாவிட்டால் அவருடைய பெட்டியும் விமானத்தில் போகக்கூடாது. சரக்கறையில் அடுக்கிய பிறகு ஒருவர் பின்வாங்கினால் அந்தப் பெட்டியைத் தேடி எடுக்கும்வரை அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். இதற்குப் பயந்தே பலர் கடைசி நிமிடத்தில் வாயை மூடிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். முகப்பிலேயே சொன்னால் யாருக்கும் தொல்லை இல்லை. அப்பாவுக்கு ஒரு சக்கர நாற்காலி வந்தது. “என்னை நோயாளி ஆக்காதே” என்று முணுமுணுத்தார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

விமான நிலையத்துக்குள்ளேயே கிளினிக் இருப்பது பலருக்கு நினைவு வருவதில்லை. அங்கே இருந்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, அவசரப்படாதவர். ரத்த அழுத்தம் 94க்கு 58. காய்ச்சல் 38.1. “காலையில் மாத்திரை போட்டாரா?” என்று கேட்டார். போட்டிருந்தார். ஒழுங்கானவர் அப்பா, நான்கு மணிக்கே எல்லாவற்றையும் விழுங்கியிருந்தார். மருத்துவர் அங்கே சற்று நிறுத்தி எனக்கு விளக்கினார். இதை நான் அன்றுவரை அறியாததால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. வாந்தியும் பேதியுமாக உடல் வற்றும்போது சிறுநீரகம் தளர்ந்து, மருந்து உடலில் தங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. சில ரத்த அழுத்த மாத்திரைகளும், சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகளும் வற்றிய உடலில் அழுத்தத்தை மேலும் இறக்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால் இத்தகைய நாட்களில் எதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று முன்கூட்டியே தங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பிடவில்லையே என்று தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது. பேதியை நிறுத்தும் மாத்திரை ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அது கூடாது என்றார் மருத்துவர். மருத்துவரிடம் கேட்காமல் போயிருந்தால் அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருப்பேன்.

“நான்கு மணி நேரம்தானே?” என்று அப்பா கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். பறக்கும்போது விமான அறையின் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருப்பதில்லை. அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் நிற்பதற்குச் சமமாக அது குறையலாம் என்றார். நான் அதை அப்பாவுக்கு ஊட்டி என்று மொழிபெயர்த்தேன். ஊட்டி 2,240 மீட்டர். சுகமாக இருப்பவருக்கு ஊட்டியில் நான்கு மணி நேரம் ஒன்றுமே இல்லை. நீர் வற்றி அழுத்தம் இறங்கியவருக்கு அந்த மெல்லிய காற்றில் தலைசுற்றும். அந்த உயரத்தில் குடலுக்குள் இருக்கும் வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும். ஏற்கெனவே புரளும் வயிறு மேலும் உப்பும். காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான், பாலைவனக் காற்று. மயங்கி விழுந்தால் நடுவானில் கையில் இருப்பது ஒரு மருத்துவப் பெட்டியும் முன்பின் தெரியாதவர்களின் நல்ல மனமும் மட்டுமே.

“இன்று வேண்டாம்” என்றார் மருத்துவர். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தோற்றுப்போன வருத்தம் இருந்தது. அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. யாரோ ஒருவர் அவர் சார்பில் சொல்லிவிட்டார் அல்லவா.

உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் நீரேற்றக் கரைசலை அப்பா குடிக்க மறுத்தது தனிக் கதை. “அதில் சர்க்கரை இருக்கிறது” என்றார். இருபது ஆண்டுகள் சர்க்கரையைப் பகையாளியாகப் பார்த்தவரிடம் அதை மருந்து என்று எப்படிச் சொல்வது? குடலில் உப்பைத் தனியாக அனுப்பினால் பேதியின்போது அது சரியாக உள்ளே போகாது. குளுக்கோசும் சேர்ந்து வந்தால் இரண்டும் கைகோத்துக் குடற்சுவரைத் தாண்டுகின்றன. நீர் பின்னாலேயே போகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய சூத்திரத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர், அவருக்குக் கதை சொன்னால் கேட்பார். 1971 போரின்போது வங்காள எல்லையில் பொங்காவ்ன் அகதி முகாமில் காலரா அடித்தது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, உறவினர்களிடமே கோப்பையைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. இதைச் சொல்லி முடித்தபோது அப்பா குவளையை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மடக்காக, கசாயம் குடிப்பது போல முகத்தைச் சுளித்து.

கரைசல் பொட்டலம் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் கெடுதல், ஆகவே குத்துமதிப்பாகப் போட வேண்டாம். இங்கே நமக்கெல்லாம் வயிறு சரியில்லை என்றால் உடனே கடையில் 100 பிளஸ் என்ற பானத்தை வாங்கும் பழக்கம். விளையாடி வியர்த்தவருக்கு அது சரி. பேதிக்கு அதில் சர்க்கரை அதிகம், உப்பு போதாது. அம்மா இருந்தால் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் வைத்திருப்பாள். அன்று மாலை நான் வைத்தேன். அப்பா இரண்டு குவளை குடித்துவிட்டு, “அவள் இன்னும் கொஞ்சம் நீர்க்க வைப்பாள்” என்றார்.

வீணாகும் என்று அவர் பயந்த வெள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானம் கிளம்புமுன் சொல்லி மாற்றினால் மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும்தான். சொல்லாமல் வராமல் போனால் பெரும்பாலும் டிக்கெட்டே போய்விடும். அதில் திரும்புகிற பயணம் இருந்தால் அதையும் ரத்து செய்துவிடுவார்கள். எங்களுக்கு இருவருக்கும் சேர்த்து 210 வெள்ளி ஆயிற்று. “பயணத்துக்குத் தகுதியில்லை” என்ற மருத்துவரின் கடிதத்தை அந்த இடத்திலேயே எழுதி வாங்கியிருந்தேன். பயணக் காப்புறுதி எடுத்திருப்பவர்களுக்கு அந்தத் தாள் இல்லாவிட்டால் எதுவும் நகராது. பழைய நோய்களுக்குக் காப்பு உண்டா என்பதையும் வாங்கும்போதே படித்துவிட வேண்டும்.

எங்களைக் காப்பாற்றிய இன்னொன்று, அப்பாவின் வருகை அனுமதி முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. பெற்றோரை அழைக்கிற நம்மில் பலர், ஒரு நாள் கூட இருக்கட்டுமே என்ற ஆசையில் அனுமதியின் கடைசி நாளுக்கு டிக்கெட் போடுகிறோம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஒரு காய்ச்சல் வந்தால் அந்த ஆசை குடிநுழைவுச் சிக்கலாகிவிடும். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது என்றாலும், நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவம் நிரப்ப வேண்டிய நிலை யாருக்கும் வர வேண்டாம். மூன்று நான்கு நாளை மிச்சம் வைத்தே டிக்கெட் எடுங்கள், மன்றாடிக் கேட்கிறேன்.

மூன்று நாள் கழித்துக் கிளம்பினோம். இம்முறை எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தேன். சக்கர நாற்காலிக்கு முன்பதிவு, நடைபாதை ஓர இருக்கை, கழிப்பறைக்கு அருகில். சாங்கியில் முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை விமான வாயிலில்தான் நடக்கும். நாங்கள் போன வாயிலில் சோதனையைத் தாண்டிய பிறகு உள்ளே கழிப்பறை இல்லை. வயிறு இளகியவருக்கு இது பெரிய செய்தி. அதனால் வெளியே கழிப்பறை அருகிலேயே உட்கார்ந்திருந்து, கடைசி அழைப்புக்குச் சற்று முன்னால்தான் உள்ளே போனோம். தண்ணீர்ப் புட்டியைச் சோதனையில் கொட்டச் சொல்வார்கள். காலிப் புட்டியையும் கரைசல் பொட்டலங்களையும் தனித்தனியாக எடுத்துப் போனால் தொல்லை இல்லை. உள்ளே நீர் பிடித்துக் கலந்துகொண்டோம்.

மாத்திரைகள் எல்லாம் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கைப்பையில். இது ஊரிலிருந்து இங்கே வருகிறவர்களுக்கு இன்னும் முக்கியம்: கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள் போன்றவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஊரில் சாதாரணமாகக் கிடைத்தது என்பது இங்கே விளக்கம் ஆகாது. ஊருக்குப் போகிற எல்லாப் பெட்டியிலும் இருப்பது போல எங்கள் பெட்டியிலும் ஒரு டஜன் கோடாலித் தைலம் இருந்தது. அப்பா ஒரு சிறு புட்டியைச் சட்டைப்பையிலும் வைத்திருந்தார். அதைத் திறக்குமுன் பக்கத்து இருக்கைக்காரரிடம், “வாசனை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?” என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது.

திருச்சியில் வெளியே வந்தபோது சித்தப்பா கம்பித் தடுப்புக்கு அப்பால் கையசைத்தார். நாற்காலியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஓடி வந்தார்.

“என்ன அண்ணா, நாற்காலியில்? என்ன ஆயிற்று?”

நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்: “வயிற்றுப்போக்கு, தம்பி. அன்றைக்கு மிகவும் முடியவில்லை. இப்போது பரவாயில்லை, ஆனால் கால் நடுங்குகிறது. வண்டிவரை கையைக் கொடு.”

சித்தப்பா கையைக் கொடுத்தார்.